தாளுக்கு மறுபக்கம் இருந்தது

நான் ஒரு மனுஷியின் வாக்கியத்தை மாற்றிச் சொன்னேன். தெரிந்தே சொன்னேன். என்னை நம்பித் தன் பக்கத்தில் இருத்தியவரின் வாயில், அவர் சொல்லாத சொற்களை வைத்தேன். அதுவும் முள்ளிவாய்க்கால் எரிந்துகொண்டிருந்த வாரத்தில்!

அந்த நாட்களில் யாருக்குத்தான் மனம் சரியாக இருந்தது என்று என்னைத் தேற்ற வராதீர்கள். என் மனம் சரியாகத்தான் வேலை செய்தது. மேசையில் கிடந்த ஒரு தாளைத் தலைகீழாகப் பார்த்து, அதில் எத்தனை கோடு மிச்சம் என்று எண்ணுமளவுக்கு...

முதலில் என்னைச் சொல்லிவிடுகிறேன். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். பயந்தவள். வீட்டைப் பூட்டிவிட்டுப் பஸ் தரிப்பிடம் வரை போய், அடுப்பை அணைத்தேனா என்று பார்க்கத் திரும்பி வருகிறவள். "அடுப்புக்கே உன்னைக் கண்டாப் பயம்" என்று என் கணவர் பகிடி பண்ணுவார். நல்லது நடந்தாலும் பயப்படுவேன். அது எப்போது பறிபோகும் என்று.

டென்மார்க்கில் சில்க்போர்க் நகரத்துக்கு வெளியே, நாற்காலிகளுக்கும் சோபாக்களுக்கும் உறை தைக்கிற ஒரு தொழிற்சாலையில் பதினெட்டு வருடம் வேலை செய்தேன். கைப்பிடி உறைதான் என் வேலை. என் மெஷினுக்குப் பக்கத்து மெஷினில் திலகா அக்கா. அவர் என்னைவிட மூன்று வயது மூத்தவர். ஊரில் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பித்தவர். கலியாணமாகி டென்மார்க்குக்குப் பிந்தி வந்ததால், நூல், ஊசி, வேகம், பிழை, இடைவேளை... இவ்வளவுதான் அவருடைய டெனிஷ். எனக்கு வாய் டெனிஷ் நன்றாக ஓடும். வாசிப்புத்தான் வராது. அதை நான் ஒருவருக்கும் காட்டிக்கொள்ளவில்லை.

கடைசி வருடம், தைத்து முடித்த உறைகளே வெளிநாட்டிலிருந்து பெட்டி பெட்டியாக வந்து இறங்கின. அவற்றில் பிழை இருக்கிறதா என்று பார்க்கிற வேலையை எங்களிடமே தந்தார்கள்! நான் பேராசையோடு பிழை தேடினேன். தையலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மூலைகளை விரலால் கிண்டினேன். இல்லை. எங்கள் தையலைவிட நேராக இருந்தது.

"ஆரோ ஒருத்தி நல்லாத்தான் தைக்கிறாள்" என்றார் திலகா அக்கா. அவருக்கு அவள் மேல் கோபம் வரவில்லை. எனக்கு வந்தது.

அந்த மாசிமாதம் தொழிற்சாலையை மூடுவதாக அறிவித்தார்கள். பிறகு ஒரு நாள் சாப்பாட்டு மண்டபத்தில் எங்களையெல்லாம் கூட்டி இருத்தினார்கள். கொமூன் என்று நாங்கள் சொல்லும் நகரசபையிலிருந்து கியர்ஸ்டன் என்ற பெண் வந்திருந்தார். நரைத்த கட்டை முடி, கயிற்றில் தொங்கும் மூக்குக்கண்ணாடி. வெளிநாட்டுச் சாமான்களோடு போட்டி போட முடியாமல் மூடுகிற தொழிற்சாலைகளின் ஆட்களுக்கு ஐரோப்பிய ஒன்றியமும் டென்மார்க் அரசாங்கமும் சேர்ந்து ஓர் உதவி வைத்திருக்கின்றன என்றார். வேறு தொழில் படிக்கலாம். படிக்கிற காலத்துக்கு வீட்டுச் செலவுக்குக் கிடைக்கும். மொழிப் பாடமும் உண்டு. இரண்டு வருடத்துக்குள் தொடங்கிவிட வேண்டும், அவ்வளவுதான். "வேலை போனது உங்களுடைய குற்றமில்லை" என்று இரண்டு தரம் சொன்னார்.

எங்களில் பலர் முதியோர் பராமரிப்புப் படிப்பைக் கேட்டோம். வயதானவர்களைக் கப்பலில் ஏற்றி வெளிநாட்டுக்கு அனுப்பிவிட முடியாதுதானே!

முதல் வகுப்பு ஓகஸ்டில் என்றார் கியர்ஸ்டன். எத்தனை பேருக்கு இடம் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்... ஒரே ஒரு கேள்வி! ஆனால் பயந்தவர்கள் கேள்வி கேட்பதில்லை. பதிலைத் தாங்களே செய்துகொள்வார்கள். இடம் போதாது, முந்துகிறவர்களுக்குத்தான் கிடைக்கும் என்று அன்றே எனக்குள் முடிவு செய்துவிட்டேன்.

ஆளாளாக நேர்முகம் வைத்தார்கள். எங்கள் இருவருக்கும் ஒரே நாள், மே மாதம் நடுப்பகுதியில். முதலில் அவர், பிறகு நான்.

திலகா அக்காவின் தம்பியும் தம்பியின் இரண்டு பெண்பிள்ளைகளும் வன்னிக்குள் மாட்டுப்பட்டிருந்தார்கள். கடைசியாகத் தொலைபேசியில் குரல் கேட்டு ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது. திலகா அக்கா வேலை முடிந்து போய் ரீவிக்கு முன்னால் போர்ச் செய்தி பார்த்தபடி இருப்பார். சனிக்கிழமைகளில் போரை நிறுத்தக் கேட்கும் கோப்பன்ஹேகன் ஊர்வலத்துக்குப் பஸ்ஸில் போவார். திரும்பி வந்து மறுபடி ரீவிக்கு முன்னால்.

திலகா அக்கா என்னையும் உள்ளே கூட்டிக்கொண்டு போனார். கியர்ஸ்டன் மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியில் எடுக்கவா என்று கேட்டார். அது அவர்களுடைய முறை. காசும் அவர்களுடையதே. திலகா அக்கா வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"ஆர் எவரெண்டு தெரியாத குரலுக்கு முன்னால நான் தம்பியின்ர கதை கதைக்க ஏலாது. அது எங்க போய்ச் சேருமோ தெரியாது. வசந்தி இருக்கிறாள்தானே."

உங்களில் அந்தக் காலத்தைத் தெரிந்தவர்களுக்கு இது விளங்கும். முகம் தெரியாத தமிழ்க்குரல் என்றால் நாங்கள் வாயை மூடிக்கொள்வோம். அது எந்தப் பக்கத்துக் குரலோ, யாருக்கு என்ன சொல்லுமோ... தெரிந்த ஆளைக் கூட்டிக்கொண்டு போவதுதான் பத்திரம் என்று நினைத்தோம். தெரிந்த ஆள் நான்!

கியர்ஸ்டன் கேட்டார்: "உங்களுக்கு என்ன செய்ய விருப்பம்?"

நான் தமிழில் கேட்டேன். திலகா அக்கா கதிரையின் நுனிக்கு வந்தார். அவர் சொன்னதை இன்றுவரை ஒரு சொல் பிசகாமல் வைத்திருக்கிறேன்.

"நான் ஊரில படிப்பிச்சனான் எண்டு சொல்லு. படிக்கிறது எனக்குப் பயமில்லை. உடனே சேர வேணும். வீட்டில இருந்து ரீவியைப் பாத்துக்கொண்டிருந்தா எனக்கு விசர் பிடிச்சிடும். முதல் வகுப்பிலயே என்ரை பேரைப் போடச் சொல்லு."

மேசையில் பெயர்ப்பட்டியல் கிடந்தது. வாசிக்கத் தெரியாதவளுக்கும் கோடு தெரியும். மேலிருந்து கீழ்வரை பெயர்கள். அடியில் ஒரே ஒரு கோடு வெறுமையாக இருந்தது.

ஒன்று.

அவர் படித்தவர், எப்படியும் பிழைத்துக்கொள்வார். நான்? எட்டாம் வகுப்பு. வாசிக்கத் தெரியாது என்று கண்டுபிடித்தால் அடுத்த முறை யார் என்னை எடுப்பார்கள்? இவ்வளவையும் நான் யோசிக்க எடுத்த நேரம், கியர்ஸ்டன் பேனை மூடியைக் கழற்ற எடுத்த நேரம்.

நான் டெனிஷில் சொன்னேன்: "இவருடைய தம்பி போருக்குள் இருக்கிறார். இவருக்கு இப்போது படிக்கிற மனநிலை இல்லை. காத்திருக்க விரும்புகிறார்."

பார்த்தீர்களா? எந்தப் போரை மறக்க அவர் படிக்கக் கேட்டாரோ, அந்தப் போரையே எடுத்து அவருக்குக் குறுக்கே போட்டேன்.

போர் என்ற டெனிஷ் சொல் திலகா அக்காவுக்குத் தெரியும். அந்த வருடம் அதைத் தெரியாத தமிழர் இங்கே இல்லை. தம்பி என்ற சொல்லும் தெரியும். இரண்டும் காதில் விழுந்ததும் ஓம் ஓம் என்று தலையாட்டினார். தானே என் பொய்க்குக் கையெழுத்து வைத்தார்!

கியர்ஸ்டனுக்குக் கண் கலங்கிவிட்டது. பேனையை வைத்துவிட்டு, மேசைக்கு மேலால் எட்டித் திலகா அக்காவின் கையைப் பிடித்தார். அவசரமில்லை, நாங்கள் காத்திருப்போம் என்றார். பிறகு திலகா அக்காவின் பெயர் போட்ட கோவையைத் திறந்து ஏதோ எழுதினார்.

"என்ன சொல்லுறா?" என்று திலகா அக்கா என்னைக் கேட்டார்.

"பேர் எழுதியாச்சாம், அக்கா. கடிதம் வருமாம்."

இரண்டாவது பொய். முதலாவதைவிட லேசாக வந்தது.

அவர் வெளியே போய் இருந்தார். என் முறை வந்தது. கியர்ஸ்டன் அந்தக் கடைசிக் கோட்டில் என் பெயரை எழுதினார். எழுதிவிட்டுத் தாளைப் புரட்டினார்.

தாளுக்கு மறுபக்கம் இருந்தது.

கோடு கோடாக, வெறுமையாக, முழுப் பக்கம்! ஒரு பெயர்கூட இல்லை. "இன்னும் நிறைய இடம் இருக்கிறது" என்று சிரித்தார் கியர்ஸ்டன். "உங்கள் சிநேகிதிகள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்."

என் மெய்யான குற்றம் இந்த இடத்தில்தான் நடந்தது என்று நினைக்கிறேன். முதலாவதைப் பயம் செய்தது என்று சொல்லித் தப்பலாம். இது? கதவுக்கு அந்தப் பக்கம் திலகா அக்கா இருக்கிறார். எழுந்து, கதவைத் திறந்து, "அக்கா, உள்ளே வாங்கோ, நான் பிழையாய்ச் சொல்லிப்போட்டன்" என்றால் போதும். அரை நிமிட வெட்கம். அவ்வளவுதான் விலை.

நான் நன்றி சொல்லிவிட்டு என் பையை எடுத்தேன்.

அடுத்த சில நாட்களில் போர் முடிந்துவிட்டது என்று உலகம் முழுவதும் அறிவித்தார்கள். எங்கள் தெருவில் எந்த வித்தியாசமும் இல்லை. சைக்கிள்கள் போயின. ஏரியில் படகு விட்டார்கள். திலகா அக்காவின் வீட்டில் மட்டும் ரீவி ஓடிக்கொண்டே இருந்தது. தம்பி உயிரோடு இருக்கிறாரா என்று தெரியவில்லை. கடிதமும் வரவில்லை. எனக்கு வந்தது.

"என்ரை வயசைப் பாத்து விட்டிட்டினம் போல" என்றார் ஒரு நாள். "நீயாவது போ. நல்லாப் படி."

நான் என்ன சொன்னேன் என்று கேட்கிறீர்களா? தேத்தண்ணீரைக் குடித்தேன்.

ஓகஸ்டில் வகுப்புக்குப் போனேன். பின் வரிசையில் எனக்குப் பக்கத்துக் கதிரையில் கடைசிவரை ஒருவரும் இருக்கவில்லை. என் மேலங்கியை அதில்தான் கொழுவுவேன். ஒவ்வொரு நாளும்...

அந்த இலையுதிர் காலத்தில் ஒரு நல்ல செய்தி வந்தது. தம்பி முகாம் ஒன்றில் இருந்தார். பிள்ளைகள் இருவரும் அவரோடு இருந்தார்கள். திலகா அக்கா எனக்குத் தொலைபேசி எடுத்துச் சொல்லிவிட்டு அழுதார். நானும் அழுதேன். அந்த அழுகை உண்மைதான். இதையாவது நம்புங்கள்.

அதற்குள் அவர் ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்திருந்தார். பின்னேரம், பிள்ளைகள் போன பிறகு வகுப்பறைகளைக் கூட்டித் துடைக்கிற வேலை. மற்றவர்கள் கூட்டுவார்கள். திலகா அக்கா வாசித்துக்கொண்டு கூட்டினார்! முதலாம் வகுப்புச் சுவரில் படத்தோடு ஒட்டியிருக்கும் சொற்களை முதல் மாதம். கரும்பலகையில் ஆசிரியர் அழிக்காமல் விட்டுப்போன வாக்கியங்களை அடுத்த மாதம். "முதலாம் வகுப்புப் பாஸ் பண்ணிட்டன், இப்ப ரெண்டாம் வகுப்பு கூட்டுறன்" என்பார்.

நான் படிப்பில் தத்தளித்தேன். உடலுறுப்புகளின் பெயர், மருந்தின் பெயர், ஒன்றும் தலையில் நிற்கவில்லை. என்னுடைய பாடப்புத்தகத்தை மேசையில் பார்த்து, "கொண்டா இஞ்ச" என்றார் திலகா அக்கா. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பத்துச் சொல். முதலில் படம், பிறகு சொல், பிறகு நான் பார்க்காமல் எழுத வேண்டும். எனக்கு வாசிப்பு வராது என்பதை முதல் ஞாயிறே கண்டுபிடித்துவிட்டார். விரலால் எழுத்தைத் தொட்டுக் காட்டத் தொடங்கினார்.

அவர் சொல்லித் தந்துதான் நான் சோதனை பாஸ் பண்ணினேன். அவருடைய இடத்தைப் பறித்தேன், அந்த இடத்தில் நிற்க அவரே எனக்குக் கால் தந்தார். ஒவ்வொரு ஞாயிறும் சொல்லிவிட வேண்டும் என்று போவேன். பத்துச் சொல்லோடு திரும்பி வருவேன்.

இரண்டு வருடம் முடியப் போகிற நேரத்தில், இன்னும் படிக்கத் தொடங்காதவர்களைக் கொமூன் கடைசித் தடவையாக அழைத்தது. இதைத் தவறவிட்டால் அந்த உதவி இனி இல்லை. கடிதம் திலகா அக்காவுக்கும் வந்தது. ஒரு பக்கக் கடிதத்தைத் தானே வாசித்துவிட்டு என்னிடம் வந்தார்.

"நீ மொழிபெயர்க்கத் தேவையில்லை. பக்கத்தில மட்டும் இரு."

அதே அறை. அதே கியர்ஸ்டன். கண்ணாடிக் கயிறு மட்டும் வேறு நிறம். கோவையைத் திறந்தார். அவர் என்ன வாசிக்கப்போகிறார் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்!

"போன தடவை, போர் காரணமாகப் படிக்கிற மனநிலை இல்லை, காத்திருக்க விரும்புகிறேன் என்று சொல்லியிருக்கிறீர்கள். இப்போது எப்படி இருக்கிறீர்கள்?"

டெனிஷில்தான் கேட்டார். மெதுவாக, தெளிவாக.

திலகா அக்கா என் பக்கம் திரும்பவில்லை. தன் இரண்டு கைகளையும் மடியிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். பிறகு டெனிஷில் சொன்னார்:

"அப்போது எனக்கு டெனிஷ் தெரியாது. இப்போது நானே சொல்கிறேன். நான் எனது நாட்டில் ஆசிரியையாக இருந்தேன். படிப்பதற்கு எனக்குப் பயமில்லை. உடனே சேர வேண்டும்."

அதே வாக்கியம். இரண்டு வருடத்துக்கு முன் என் நாக்கில் நின்றுபோன அதே வாக்கியம், சின்னச் சின்ன இலக்கணத் தடுமாற்றத்தோடு, அவருடைய வாயாலேயே போய்ச் சேர்ந்தது.

கியர்ஸ்டன் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். நீண்ட நேரம் பார்க்கவில்லை. போதுமான நேரம் பார்த்தார். பிறகு படிவத்தை எடுத்து எழுதத் தொடங்கினார்.

வெளியே பஸ் தரிப்பிடத்தில் நின்றோம். ஏரிப் பக்கமிருந்து குளிர் அடித்தது. திலகா அக்கா கையுறையைப் போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார்.

"அண்டைக்கு அவ என்ரை கையைப் பிடிச்சவ" என்றார். "பேர் எழுதுறதுக்கு ஏன் கை பிடிக்கிறா எண்டு நான் அப்பவே யோசிச்சனான்."

நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். "அக்கா..." என்பது வரை வந்தது.

"பஸ் வருது, வசந்தி. கார்டை எடு."

அவ்வளவுதான். அன்றைக்கும் அவ்வளவுதான், அதற்குப் பிறகும் அவ்வளவுதான். அடுத்த ஞாயிறு வழக்கம்போல என்னை வீட்டுக்கு வரச் சொன்னார். தன்னுடைய புதிய பாடப்புத்தகத்தைக் காட்டினார். தேத்தண்ணீர் தந்தார். மன்னித்துவிட்டார் என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் சில நாட்களில் தோன்றும். ஆனால் கேட்காத மன்னிப்பை ஒருவர் எப்படித் தர முடியும்? நான் கேட்கவே இல்லையே!

திலகா அக்கா அந்தப் படிப்பை முடித்தார். அதோடு நிற்காமல் மேலே படித்தார். இப்போது நாங்கள் இருவரும் ஒரே முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறோம். நான் குளிக்க வைப்பேன், உடுப்பு மாற்றுவேன், சாப்பாடு தீத்துவேன். மருந்து கொடுப்பதும் கோவையில் எழுதுவதும் அவர் பொறுப்பு. டெனிஷ்காரக் கிழவிகள் அவரை டீச்சர் என்று கூப்பிடுகிறார்கள். யார் சொல்லிக் கொடுத்ததோ தெரியாது. காலையில் அவர் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வருகிறதைப் பார்க்க எனக்கு ஒரு சந்தோசம் வரும். மூடிய தொழிற்சாலையிலிருந்து ஒருத்தி இவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறாளே என்று. அந்தச் சந்தோசத்துக்கு எனக்கு உரிமை இருக்கிறதா... அதுவும் தெரியாது.

போன மாதம் எங்கள் இல்லத்துக்கு முதல் தடவையாக ஒரு தமிழ் ஐயா வந்து சேர்ந்தார். இருந்த டெனிஷும் மறந்துபோய், தமிழ் மட்டும் மிஞ்சியிருந்தது. வைத்தியர் வந்தபோது மொழிபெயர்க்க ஆள் தேவைப்பட்டது. நான் பின்னுக்கு நகர்ந்தேன். அந்த வேலைக்கு நான் போவதில்லை. பதினைந்து வருடமாக ஒருவருக்கும் போனதில்லை.

"வசந்தி, நீ சொல்லு" என்றார் திலகா அக்கா, கோவையை விரித்துக்கொண்டே. "நான் எழுதவேணும். கேட்டுக்கொண்டு இருக்கிறன்."

இரண்டு மொழியும் தெரிந்தவர் பக்கத்தில் நிற்க, நான் மொழிபெயர்த்தேன். ஐயாவுக்கு இடுப்பு நோகிறது. நித்திரை வருகிறதில்லை. உப்பில்லாத சாப்பாடு பிடிக்கவில்லை. செத்துப்போன தன் மனுஷி ஜன்னலடியில் நிற்கிறா என்று சொன்னதையும் சொன்னேன். வைத்தியர் சிரிப்பாரோ என்று பயந்தேன். இருந்தும் சொன்னேன். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. என் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

வைத்தியர் போன பிறகு திலகா அக்கா பேனையை மூடவில்லை. தலையைத் தூக்காமலே கேட்டார்:

"எல்லாம் சொல்லிட்டியா? ஒண்டும் விடேல்லையே?"

"இல்லை, அக்கா" என்றேன்.

ஐயாவின் கதையில் நான் ஒன்றும் விடவில்லை. அது உண்மை.

திலகா அக்கா இன்னும் கொஞ்ச நேரம் பேனையைத் திறந்தபடியே வைத்திருந்தார். பிறகு கோவையை மூடிவிட்டு அடுத்த அறைக்கு நடந்தார். நான் ஐயாவின் போர்வையை இழுத்துச் சரிசெய்துகொண்டு அங்கேயே நின்றேன்.

எனக்கு உங்களிடம் சொல்ல முடிகிறது. பார்த்தீர்களா, எவ்வளவு விரிவாகச் சொல்ல முடிகிறது! இப்போதும் அவர் இருப்பது அடுத்த அறையில்தான். நடந்தால் பத்து அடி...